பெயர் ஒன்று, பிறப்பு இரண்டு: மீண்டு வந்த பிரித்தானிய மோட்டார் சைக்கிள்கள்

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

நமது பிள்ளைகளின் தொலைபேசிகளில் இப்போது அடிக்கடி ஓடும் வீடியோக்களில் ஒரு வகை, பழைய தோற்றத்தில் வரும் புதிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றியது. ட்ரயம்ப் பொனவில், ரோயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர், நோர்ட்டன் கொமாண்டோ, பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார். வட்டமான ஹெட் லைட், கண்ணீர்த் துளி வடிவப் பெற்றோல் டாங்க், குரோம் சைலன்சர், டாங்கில் பழைய எழுத்து. "இதுதான் அசல் இங்கிலீஷ் பைக்" என்கிறார்கள் பிள்ளைகள். "அந்தக் காலத்துச் சாமான் மாதிரி இது வருமா?" என்கிறார்கள் பெரியவர்கள்.

இரண்டு பக்கத்திலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வரலாற்றுக்குள் போக வேண்டும். எந்த பைக்கை வாங்கலாம் என்று சொல்வது இப்பதிவின் நோக்கமல்ல. ஒரு தொழில் எப்படி உயர்ந்தது, எப்படி விழுந்தது, விழுந்த பின் அதன் பெயரை எடுத்தவர்கள் அந்தப் பெயரை வைத்து என்ன செய்தார்கள் என்பதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். பெயர்கள் விற்பனைக்கு வரும் காலத்தில் வாழும் நமக்கு இது தேவையான பாடம்.

உச்சத்தில் இருந்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உலகின் மோட்டார் சைக்கிள் சந்தை பிரித்தானியாவின் கையில் இருந்தது. பேர்மிங்காமில் துப்பாக்கி செய்பவர்கள் ஒன்று சேர்ந்து 1861இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. கொம்பனி, 1950களின் தொடக்கத்தில் உலகிலேயே மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் உற்பத்தியாளராக இருந்தது. 1951இல் அது ட்ரயம்ப் கொம்பனியையும் வாங்கியது. போரில் இந்த நிறுவனங்கள் கொடுத்த விலையும் பெரியது. 1940 நவம்பரில் நடந்த குண்டுவீச்சில் கொவென்றி நகரில் இருந்த ட்ரயம்ப் தொழிற்சாலை அழிந்தது. அதே மாதம் பேர்மிங்காமில் பி.எஸ்.ஏ. தொழிற்சாலை மீது விழுந்த குண்டுகளில் 53 தொழிலாளர்கள் மாண்டனர். ட்ரயம்ப், மெரிடன் என்ற கிராமத்துக்குப் போய்ப் புதிதாகத் தொழிற்சாலை கட்டியது.

இந்தக் காலத்து பிரித்தானிய மோட்டார் சைக்கிளின் அச்சை வார்த்தவர் எட்வர்ட் டர்னர் என்ற வடிவமைப்பாளர். 1937இல் சந்தைக்கு வந்த ட்ரயம்ப் ஸ்பீட் ட்வின், 500 சி.சி. எஞ்சினில் இரண்டு சிலிண்டர்களைப் பக்கத்துப் பக்கமாக நிறுத்தியது. ஒற்றைச் சிலிண்டர் பைக் அளவுக்கே அகலம், ஆனால் ஓட்டம் மிருது. மற்றக் கொம்பனிகளும் இதையே பின்பற்றின. இன்று 'கிளாசிக் பிரிட்டிஷ் ட்வின்' என்று நாம் படங்களில் பார்க்கும் தோற்றம் அங்கிருந்து வந்ததுதான்.

விழுந்தது எப்படி?

"ஜப்பான்காரன் மலிவாகச் செய்து வெள்ளைக்காரனை விழுத்தினான்" என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுவோம். நடந்தது அவ்வளவு இலகுவானதல்ல.

எட்வர்ட் டர்னர் 1960இல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள தொழிற்சாலைகளைப் பார்த்தார். உற்பத்தியின் அளவும் இயந்திரங்களின் தரமும் அவரைத் திகைக்க வைத்தன. திரும்பி வந்து அறிக்கையும் எழுதினார். ஆனால் முதலாளிமார் அதற்கேற்ப அசையவில்லை. ஹொண்டா அப்போது செய்தது பெரும்பாலும் சிறிய பைக்குகள். சிறியதில் பழகியவன் நாளை பெரியதை வாங்க நம்மிடம்தான் வருவான் என்று கணக்குப் போட்டார்கள். சிறிய பைக் சந்தையை விட்டுக் கொடுத்தார்கள், பிறகு நடுத்தர அளவையும் விட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் "இதில் இலாபம் குறைவு, விடுவோம்" என்பதே நியாயமாக இருந்தது. பிரித்தானிய அரசாங்கத்துக்காக 1975இல் பொஸ்டன் கன்சல்டிங் குரூப் தயாரித்த அறிக்கை, இப்படிப் பின்வாங்கிப் பின்வாங்கித்தான் கடைசியில் நிற்க இடமில்லாமல் போனது என்பதை எடுத்துக்காட்டியது.

1969இல் ஹொண்டா சி.பி. 750 வந்தது. நான்கு சிலிண்டர், பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட், முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். ஒயில் சிந்தாது. அதே நேரத்தில் ட்ரயம்ப் பைக்குகளுக்குக் கீழே மட்டைத் தாள் விரித்து வைக்கும் நிலை. இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. ட்ரயம்ப் எஞ்சினின் அடிப்பெட்டி இடம் வலமாக, செங்குத்தாகப் பிளந்து பொருத்தப்பட்டது. ஒயில் நிற்கும் இடத்துக்கு நேராகவே பொருத்து வரும். எஞ்சின் அதிரும்போது அந்தப் பொருத்து கசியும். ஹொண்டா அடிப்பெட்டியைக் கிடையாகப் பிளந்தது. பொருத்து ஒயில் மட்டத்துக்கு மேலே போய்விட்டது. அறிவு இல்லாமல் பிரித்தானியர் இதைச் செய்யாமல் விடவில்லை. மாற்றுவதற்குப் புதிய இயந்திரங்கள் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். நல்ல காலத்தில் வந்த இலாபத்தைப் பழைய இயந்திரங்களை மாற்றுவதில் அவர்கள் போதுமான அளவு போடவில்லை.

1973இல் அரசாங்கத்தின் ஏற்பாட்டில் நோர்ட்டன், வில்லியர்ஸ், ட்ரயம்ப், பி.எஸ்.ஏ. எல்லாம் ஒரே நிறுவனத்துக்குள் வந்தன. அதே வருடம் செப்டம்பரில் மெரிடன் தொழிற்சாலையை மூடப் போவதாக அறிவித்தார்கள். தொழிலாளர்கள் வெளியேற மறுத்து உள்ளேயே இருந்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை வருடம் அந்தப் போராட்டம் நீடித்தது. கடைசியில் 1975இல், அமைச்சர் டோனி பென் ஆதரவுடன், ஏறத்தாழ 5 மில்லியன் பவுண் அரச உதவியுடன், தொழிலாளர்களே நடத்தும் கூட்டுறவாக அது மாறியது. அவர்கள் 1983 வரை பொனவில் செய்தார்கள். பிறகு அதுவும் மூடப்பட்டது. தொழிற்சாலை இருந்த இடத்தில் வீடுகள் வந்தன. அங்குள்ள ஒரு தெருவுக்கு இன்றும் 'பொனவில் குளோஸ்' என்று பெயர்.

ட்ரயம்ப்: இடைவெளிக்குப் பின் எழுந்தது

1983இல் ட்ரயம்ப் என்ற பெயரை வாங்கியவர் ஜோன் புளூர். சாந்து பூசும் வேலையில் தொடங்கி, வீடு கட்டி விற்கும் பெரிய தொழிலதிபராக வளர்ந்தவர். பெயரை வாங்கியவுடன் அவர் டாங்கில் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. பழைய பொனவிலைச் சிறிய அளவில் செய்யும் உரிமத்தை லெஸ் ஹாரிஸ் என்பவருக்குக் கொடுத்தார். அது 1985 முதல் 1988 வரை நடந்தது. இதற்கிடையில் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு ஜப்பான் தொழிற்சாலைகளைப் பார்க்கப் போனார். டர்னர் 1960இல் பார்த்துவிட்டு வந்து எழுதியதை, இவர் 1980களில் பார்த்துவிட்டு வந்து செய்தார். ஹிங்லி என்ற ஊரில் கணினியால் இயங்கும் இயந்திரங்களுடன் புதிய தொழிற்சாலை எழுந்தது. புதிய பைக்குகள் 1990இல் ஜேர்மனியின் கொலோன் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்டன. 1991இல் உற்பத்தி தொடங்கியது.

கவனியுங்கள், முதலில் வந்தவை பழைய தோற்றத்துப் பைக்குகள் அல்ல. தண்ணீரால் குளிரூட்டும் மூன்று, நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் கொண்ட நவீன பைக்குகள். 'ட்ரயம்ப் என்றால் ஒயில் லீக்' என்ற பேச்சை முதலில் துடைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 2000இல்தான், பொனவில் என்ற பெயரை மீண்டும் வெளியே எடுத்தார்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

1959இல் வந்த பொனவில் டி.120 எஞ்சினின் அளவு 649 சி.சி. இரட்டைக் காபரேட்டர். வலு 46 குதிரை. 'பொனவில்' என்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள உப்பு வெளியின் பெயர். 1956இல் ஜோனி அலன் என்பவர் ட்ரயம்ப் எஞ்சின் பூட்டிய வண்டியில் மணிக்கு 214 மைல் வேகத்தைத் தொட்டது அங்கேதான். '120' என்பது மணிக்கு 120 மைல் என்ற பெருமையைக் குறித்தது. நான்கு கியர், டிரம் பிரேக், கிக் ஸ்டார்ட். திரவங்கள் இல்லாத எடை ஏறத்தாழ 183 கிலோ.

2016இல் வந்த புதிய டி.120 எஞ்சின் 1200 சி.சி. வலு 80 குதிரை. ஆறு கியர், முன்னால் இரட்டை டிஸ்க், ஏ.பி.எஸ். அதே முறையில் எடுத்த எடை 224 கிலோ. அளவில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எஞ்சின் தண்ணீரால் குளிர்கிறது. ஆனால் சிலிண்டரைச் சுற்றி, காற்றால் குளிரும் பழைய எஞ்சினில் இருந்தது போலவே மெல்லிய தகடுகள் இருக்கின்றன. இன்ஜெக்ஷன் முறையில் பெற்றோல் போகிறது. ஆனால் அந்தப் பாகத்துக்குப் பழைய காபரேட்டரின் உருவத்தையே கொடுத்திருக்கிறார்கள். கராஜில் வேலை செய்யும் நமது பாஸ்மார் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். கண்ணுக்குக் காபரேட்டர், கைக்கு இன்ஜெக்ஷன்!

இதை ஏமாற்று என்று சொல்லலாமா? நாம் அப்படி நினைக்கவில்லை. கொம்பனி இதை மறைக்கவில்லை, விபரக் குறிப்பில் எல்லாம் இருக்கிறது. ஆனால் வாங்குபவர் தன் பணத்தில் ஒரு பகுதி உருவத்துக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு தகவலையும் சேர்க்க வேண்டும். ட்ரயம்ப் 2000களிலேயே தாய்லாந்தில் தொழிற்சாலை திறந்தது. 2020இல் பெருந்தொகை உற்பத்தியை அங்கே மாற்றுவதாக அறிவித்தது. 2023இல் வந்த 400 சி.சி. பைக்குகள் இந்தியாவில் பஜாஜ் கொம்பனி செய்பவை. 'பிரித்தானிய பைக்' என்ற சொல் இன்று பிறந்த இடத்தைவிட, வரைந்த இடத்தையே கூடுதலாகக் குறிக்கிறது.

பழைய சத்தம் என்று நாம் நினைப்பது

பிள்ளைகளை அதிகம் கவர்வது சத்தம். "டுக் டுக் என்று என்ன ஒரு பழைய இங்கிலீஷ் சவுண்ட்!" என்பார்கள். இங்கேதான் வரலாறு நம்மை ஆச்சரியப்படுத்துகிறது.

பழைய பிரித்தானிய ட்வின் எஞ்சின்களில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். வெடிப்பு மாறி மாறி, சம இடைவெளியில் நடக்கும். இதனால் சத்தம் சீரான, இடைவிடாத உறுமல். அதிர்வோ கடுமையானது. வேகம் கூடினால் கைப்பிடியிலும் கால் மிதியிலும் நடுக்கம் ஏறும்.

2000இல் வந்த முதல் மறுபிறப்புப் பொனவில் இந்தப் பழைய அமைப்பையே வைத்திருந்தது. 2016இன் டி.120இலும், ரோயல் என்ஃபீல்டின் புதிய இன்டர்செப்டரிலும் கிராங்கின் அமைப்பு வேறு. ஒரு பிஸ்டன் மற்றதைவிட 270 பாகை விலகி நிற்கும். வெடிப்பு சமமில்லாத இடைவெளியில் வரும். வி வடிவ எஞ்சின் போல் துடிப்பு கேட்கும். நமது பிள்ளைகள் 'பழைய சத்தம்' என்று ரசிப்பது இதைத்தான்.

இந்த அமைப்பை விற்பனைக்கு வந்த பைக் ஒன்றில் முதலில் பிரபலமாக்கியது எந்த பிரித்தானியக் கொம்பனியும் அல்ல. ஜப்பானின் யமஹா. 1995இல், டி.ஆர்.எக்ஸ். 850 என்ற பைக்கில். ஆக, பழைய தோற்றத்துக்குள் இருந்து வரும் அந்தத் துடிப்பு, அந்தத் தொழிலை வீழ்த்தியதாக நாம் சொல்லும் அதே ஜப்பானில் இருந்து வந்த யோசனை. 1960இன் பொனவிலையும் இன்றைய பொனவிலையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், இரண்டும் வேறு வேறு பைக்.

ரோயல் என்ஃபீல்ட்: செத்துப் பிழைக்காத ஒன்று

நான்கு பெயர்களில் இது தனிக் கதை. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். 'என்ஃபீல்ட்' என்ற பெயர் என்ஃபீல்டில் இருந்த அரச துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்ததால் வந்தது. 'புல்லட்' என்ற பெயர் 1930களின் தொடக்கத்தில் வந்தது.

1955இல் மெட்ராஸ் மோட்டர்ஸ் நிறுவனமும் ரெடிச் கொம்பனியும் சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா'வைத் தொடங்கின. சென்னையின் திருவொற்றியூரில் புல்லட் பிறந்தது. முதலில் இங்கிலாந்தில் இருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1957இல் உற்பத்தி அச்சுகளும் கருவிகளும் சென்னைக்கு வந்தன. 1962 அளவில் எல்லாப் பாகங்களையும் இந்தியாவிலேயே செய்தார்கள். ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ரோயல் என்ஃபீல்ட் முற்றாக நின்றது. திருவொற்றியூரில் மட்டும் நிற்கவில்லை. 1977இல் அந்தச் சென்னைப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

எனவே 'அசல்' என்ற சொல்லை இங்கே எப்படிப் பாவிப்பது? பொனவிலுக்கும் கோல்ட் ஸ்டாருக்கும் ஓர் இறப்பும் ஒரு மறுபிறப்பும் உண்டு. புல்லட்டுக்கு இறப்பே இல்லை. இங்கிலாந்துத் தொழிலாளி கற்றதைத் தமிழ் பேசும் தொழிலாளி கையில் வாங்கி, தலைமுறை தலைமுறையாகச் செய்தார். 1950களின் வடிவமைப்பில் இருந்து வந்த வார்ப்பிரும்பு எஞ்சின், 2009ஐ ஒட்டிப் புதிய அலுமினிய எஞ்சின் வரும்வரை ஓடியது. வலப்பக்கம் இருந்த கியர் இடப்பக்கம் போனது, காபரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டே ஒவ்வொரு சுவராக மாற்றிக் கட்டுவது போன்ற மாற்றம் அது.

ஆனால் இன்டர்செப்டர் மறுபிறப்புதான். பழைய இன்டர்செப்டர் 1960களில், முக்கியமாக அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த 736 சி.சி. ட்வின். 2018இல் விற்பனைக்கு வந்த புதியது 648 சி.சி., ஏறத்தாழ 47 குதிரை வலு. மற்ற மறுபிறப்புகள் பெருத்து வந்தபோது இது பழையதைவிடச் சிறிய எஞ்சினுடன் வந்தது. தண்ணீர்க் குளிரூட்டலும் இல்லை. காற்றும் ஒயிலும்தான் குளிரூட்டுகின்றன, அதனால் அந்தத் தகடுகள் உண்மையாகவே வேலை செய்கின்றன. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் அவர்கள் அமைத்த தொழில்நுட்ப நிலையத்தின் பங்கும் இதில் உண்டு. தயாராவது சென்னைக்கு அருகில்.

நோர்ட்டன்: பெயருக்குள் போன அமானிதம்

1898இல் ஜேம்ஸ் லான்ஸ்டவுன் நோர்ட்டன் பேர்மிங்காமில் தொடங்கிய கொம்பனி இது. 1967இல் வந்த கொமாண்டோ, அதிர்வுப் பிரச்சினைக்கு ஒரு புத்தியான வழி கண்டது. எஞ்சினை நேரடியாகச் சட்டத்தில் பூட்டாமல், றப்பர் தாங்கிகளில் தொங்க விட்டார்கள். எஞ்சின் அதிர்ந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. 'ஐசோலாஸ்டிக்' என்று அதற்குப் பெயர். புதிய எஞ்சின் செய்யப் பணமில்லாத கொம்பனி பழைய எஞ்சினை வைத்தே செய்த சாமர்த்தியம் அது. அந்த பைக், பிரித்தானியாவின் மோட்டார் சைக்கிள் நியூஸ் பத்திரிகை வாசகர்களால் தொடர்ந்து ஐந்து வருடம் ஆண்டின் சிறந்த பைக்காகத் தெரிவு செய்யப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் உற்பத்தி நின்றது.

பெயர் பல கைகள் மாறி, 2008இல் ஒரு பிரித்தானிய வர்த்தகரிடம் வந்தது. 961 சி.சி. கொண்ட புதிய கொமாண்டோ வந்தது. அழகான பைக். பத்திரிகைகள் பாராட்டின, அமைச்சர்கள் வந்து படம் எடுத்தார்கள். 'பிரித்தானியத் தொழில் மீண்டது' என்று பேசினார்கள்.

2020 ஜனவரியில் கொம்பனி முறிந்தது. அப்போதுதான் உள்விடயம் முழுதாக வெளியே வந்தது. சாதாரண மக்கள் 200 பேருக்கும் மேல், தமது ஓய்வூதியச் சேமிப்பை மூன்று நிதியங்களில் போட்டிருந்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 14 மில்லியன் பவுண். அந்தப் பணம் நோர்ட்டன் கொம்பனிக்குள் போயிருந்தது. திருப்பிக் கேட்டவர்களுக்குப் பணம் கிடைக்கவில்லை. ஓய்வூதியக் குறைகேள் அதிகாரி அதே வருடம் உரிமையாளருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். சட்டவிரோதமாக முதலீடு செய்ததை அவர் 2022இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு ஒத்திவைத்த சிறைத் தண்டனை பெற்றார்.

உறவுகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். பைக்கின் எஞ்சினை ஒப்பிடுகிறோம், பிரேக்கை ஒப்பிடுகிறோம். ஒரு கொம்பனியின் நாணயத்தையும் ஒப்பிட வேண்டாமா? பழைய நோர்ட்டன் முதலீடு இல்லாமல் விழுந்தது. இடையில் வந்த நோர்ட்டன் பிறர் ஒப்படைத்த அமானிதத்தை எரிபொருளாக்கி ஓடியது. டாங்கில் இருந்த எழுத்து இரண்டிலும் ஒன்றுதான். பெயரின் கவர்ச்சி கூடக் கூட, கேள்வி கேட்பவர்கள் குறைந்து போனார்கள். நமது ஊர்களிலும் பெரிய பெயரையும் அழகான பேச்சையும் நம்பிச் சேமிப்பைக் கொடுத்து இழந்த குடும்பங்கள் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அவர்களில் அடக்கம். எந்தத் தேசத்திலும் இது ஒரே மாதிரித்தான் நடக்கிறது.

2020 ஏப்ரலில் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி.வி.எஸ். மோட்டர் 16 மில்லியன் பவுணுக்கு நோர்ட்டனை வாங்கி, சொலிஹல் என்ற இடத்தில் புதிய தொழிற்சாலை அமைத்தது. முந்தைய நிர்வாகத்தின் கீழ் வந்த பைக்குகள் சிலவற்றில் பாதுகாப்புக் குறைகள் இருந்ததையும் புதிய நிர்வாகம் வெளிப்படையாக அறிவித்தது. குறையைச் சொல்லித் தொடங்குவது நல்ல அறிகுறி.

பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார்: பரிசில் பிறந்த பெயர்

1937இல் வால்டர் ஹான்ட்லி என்ற வீரர், இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் ஓடுபாதையில் பி.எஸ்.ஏ. பைக்கில் மணிக்கு 100 மைலுக்கு மேல் சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். அப்படிச் செய்பவர்களுக்கு அங்கே ஒரு தங்க நட்சத்திரச் சின்னம் கொடுப்பார்கள். அடுத்த வருடம் கொம்பனி தன் புதிய பைக்குக்கு அந்தப் பெயரையே வைத்தது. ஒற்றைச் சிலிண்டர் பைக் அது. 1950களில் ஐல் ஒஃப் மேன் தீவின் கிளப்மன் ஓட்டப் போட்டிகளை ஏறத்தாழத் தன் சொத்தாக்கிக்கொண்டது. 1963இல் நின்றது.

அதை ஸ்டார்ட் செய்வதே ஒரு கலை என்பார்கள். பிஸ்டனைச் சரியான இடத்தில் நிறுத்தி, தீப்பொறியைப் பின்தள்ளி, உடல் பாரம் முழுவதையும் கிக்கில் இறக்க வேண்டும். தவறினால் கிக் திருப்பி அடிக்கும்.

2016இல் இந்தியாவின் மஹிந்திரா குழுமம் பி.எஸ்.ஏ. பெயரை வாங்கியது. 2021 டிசம்பரில் புதிய கோல்ட் ஸ்டார் வெளியானது. 652 சி.சி., தண்ணீர்க் குளிரூட்டல், ஏறத்தாழ 45 குதிரை வலு. பழையது 500 சி.சி.யில் 40 குதிரை வலு அளவைத் தொட்டது. அதாவது வலுவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தரம். ஆனால் பழையது போட்டிக்காகப் பிறந்த பைக். தன் காலத்தில் வேகத்தின் எல்லையில் நின்றது. புதியது அமைதியாக ஊர் சுற்றப் பிறந்தது. பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும், யாருடைய காலையும் திருப்பி அடிக்காது. அன்றைய கோல்ட் ஸ்டாருக்கு ஒப்பானதை இன்று தேட வேண்டுமென்றால், பழைய தோற்றப் பைக்குகளுக்குள் தேடக்கூடாது. ஓட்டப் போட்டிப் பைக்குகளுக்குள் தேட வேண்டும்.

பழையதை அப்படியே ஏன் செய்ய முடியாது?

பலர் கேட்கும் கேள்வி இது. முதல் காரணம் சட்டம். புகை, சத்தம் பற்றிய ஐரோப்பிய விதிகள் கடுமையாகிவிட்டன. 2016, 2017 காலத்தில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு அங்கே ஏ.பி.எஸ். கட்டாயமானது. காற்றால் மட்டும் குளிரும் பெரிய எஞ்சின் இந்தப் புகை விதிகளைத் தாண்டுவது கஷ்டம். இரண்டாவது காரணம் வாங்குபவர். ஒவ்வொரு வார இறுதியிலும் டாப்பெட் பார்த்து, காபரேட்டர் கழுவி, ஒயில் துடைக்கும் பொறுமை இன்று எத்தனை பேருக்கு உண்டு?

அதேநேரம், பழையதில் இருந்து நாம் இழந்ததும் உண்டு. ஒரு பழைய பொனவிலை அடிப்படைக் கருவிகளுடன் வீட்டு முற்றத்தில் கழற்றிப் பூட்டலாம். எது எங்கே, ஏன் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அதனால்தான் அறுபது வருடம் கடந்தும் அவை ஓடுகின்றன. புதியதில் கோளாறைச் சொல்வது கணினி. அந்தக் கணினியும் சென்சர்களும் அறுபது வருடம் கழித்துக் கிடைக்குமா? நமது நாட்டில் உதிரிப்பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் விளங்கும்.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும்

பெரியவர்களே, 'அந்தக் காலத்துச் சாமான்' எல்லாவற்றிலும் சிறந்தது என்று சொல்ல முடியாது. பிரேக்கில், பாதுகாப்பில், நம்பிக்கையில் புதியது எவ்வளவோ மேல். அந்தக் காலத்துச் சாமான் அவ்வளவு குறையில்லாமல் இருந்திருந்தால் மெரிடன் தொழிற்சாலை இன்றும் நின்றிருக்கும்.

பிள்ளைகளே, டாங்கில் இருக்கும் எழுத்து வரலாறு அல்ல, வரலாற்றின் விலாசம் மட்டும்தான். அந்த விலாசத்தில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்பதை விசாரிக்க வேண்டும். கொம்பனி யாருடையது, பொருள் எங்கே தயாராகிறது, உள்ளே இருப்பது என்ன, பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள். லீசிங் போட்டு எந்தப் பொருளை வாங்கப் போனாலும் இந்தக் கேள்விகள் பொருந்தும்.

நான்கு கொம்பனிகளையும் பார்த்தபின் நமக்குப் படுவது இதுதான். பெயரை எடுத்தவர்களில் நிலைத்தவர்கள், பெயருக்குப் பின்னால் இருந்த வேலையையும் எடுத்தவர்கள். புளூர் பத்து வருடம் பொனவில் என்ற பெயரைத் தொடாமல் தரத்தைக் கட்டினார். திருவொற்றியூர்த் தொழிலாளர்கள் பெயரைப் பற்றிப் பேசாமல் ஒவ்வொரு நாளும் பைக் செய்தார்கள். பெயரை மட்டும் எடுத்து ஓடியவரின் கொம்பனி நீதிமன்றத்தில் போய் முடிந்தது.

வாப்பா வைத்த கடைப் பெயரில் வியாபாரம் செய்யும் பிள்ளைகள் நமது ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயர்ப் பலகையைப் புதிதாக எழுதுவது ஒரு நாள் வேலை. அந்தப் பலகைக்குக் கீழே நின்று வாப்பா கொடுத்த நிறையும் அளவும் வாக்கும் தொடர்கிறதா என்பதை வாடிக்கையாளர் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பழைய பிரித்தானிய பைக் ஒன்று யாருடைய வீட்டிலாவது, ஓடும் நிலையிலோ சாக்குப் போட்டு மூடிய நிலையிலோ இருந்தால், கருத்துப் பகுதியில் படத்துடன் எழுதுங்கள். இரும்பு விலைக்கு விற்றுவிடாதீர்கள். நமது மாணவர்கள் வந்து பார்த்து, அதன் கதையைக் கேட்டு எழுதட்டும்.